ஆற்றூரும் ஆறாவது ஊரும்

வேனோட பின்சக்கரம் ரெண்டும் பாதிக்கு மேல மணல்ல முழுகிடுச்சு. டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க, சக்கரம் சேத்தை வாரி, பின்னால தள்ளுறவங்க மேலயே அடிச்சது. உள்ள இருந்த பட்டணத்து விருந்தாளிங்க ஜன்னலைச் சாத்திக்கிட்டாங்க. சுற்றுலா அதிகாரி மட்டும் ஷூவைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டு, படியில நின்னு, இறங்கலாமா வேணாமான்னு ஆத்தைப் பார்த்துக்கிட்டிருந்தாரு.

அப்பத்தான் எதிர்க்கரையில இருந்து ஏரோது மகாராஜா ஓடி வந்தாரு. பட்டு அங்கியை முழங்காலுக்கு மேல தூக்கிச் செருகியிருந்தாரு. தலையில கிரீடம், மூஞ்சி பூரா அரிதாரம். வந்தவரு முதுகைக் காட்டிக் குனிஞ்சு நின்னு, "ஏறிக்கோங்க சார், அந்தாண்ட இறக்கி வுடறேன்"ன்னாரு.

அதிகாரி ஏறிக்கிட்டாரு. வேற என்ன செய்வாரு, பாவம்.

அந்த ஏரோது என் கூடப்பொறந்த அண்ணன் சூசை. இத்தனை கூத்துக்கும் காரணம் 'றூ'ங்கிற ஒரே ஒரு எழுத்து. அச்சாபீஸ் கதை போதும்மா, வேற எழுதுன்னு போன வாரம் ஒரு வாசகர் கார்டு போட்டிருந்தாரு. சார், இந்த வாரமும் அச்சாபீஸ்தான். பொறுத்துக்கோங்க.

இக்கரையும் அக்கரையும்

எங்க ஆத்துக்குப் பேர் உண்டு. சொன்னா பட்டணத்து ஆளுங்க மூக்கைப் பொத்திக்குவாங்க. கீழ பட்டணத்துக்குள்ள போய் அது சீரழிஞ்சதுக்கு நாங்க பொறுப்பு இல்ல. எங்க பக்கத்துல அது சுத்தமானது. ஏன்னா வருஷத்துல பாதி நாளைக்கு மேல அதுல தண்ணியே கிடையாது. வெறும் மணல், நடுவுல கொஞ்சம் வண்டல், நாணல், மேயிற ஆடு. ஐப்பசி வந்துட்டா மட்டும் அதுக்குப் பேய் பிடிச்சுக்கும்.

இந்தக் கரையில வரிசையா அஞ்சு ஊர். பஸ் ரோடு, பள்ளிக்கூடம், ரேஷன் கடை எல்லாம் இந்தப் பக்கம். அந்தக் கரையில எங்க ஊர் ஒண்ணே ஒண்ணு. ஒரு சின்னக் கோயில், அதாவது எங்க மாதா கோயில், சுத்தி கொஞ்சம் வூடுங்க. சர்க்கார் காகிதத்துல அதுக்கு நல்ல பேர் ஒண்ணு இருந்துச்சு. ஆனா எல்லாரும் 'அக்கரை'ன்னுதான் சொல்லுவாங்க. இக்கரைக்கு அக்கரை பச்சைன்னு சொன்ன புண்ணியவான் எங்க ஊரைப் பார்க்காம சொல்லிட்டான்.

ஆத்துல குறுக்க ஒரு பாதை போட்டுக் குடுங்கன்னு எங்க ஊர்க்காரங்க கேக்காத ஆள் இல்ல. கேட்ட இடத்துல எல்லாம், ஏகாம்பரம் சரின்னா எங்களுக்கும் சரின்னு அனுப்பிடுவாங்க. ஏகாம்பரம் அஞ்சு ஊர்லயும் பெரிய ஊரோட தலைவரு. செங்கச் சூளை வெச்சிருந்தாரு, ரெண்டு டிராக்டர் ஓட்டினாரு. பாதை போட்டா வெள்ளம் எதிர்த்து வந்து என் வயல்ல ஏறும்னுவாரு. அது ஒண்ணுதான் காரணமான்னு கேட்டா, அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பொறந்ததுல இருந்து அந்த மனுஷன் எங்க ஊர் மண்ணை மிதிச்சதே கிடையாது.

இந்த வேன் கதைக்கு முன்னால ஒரு ஐப்பசியில எங்க அண்ணி லூர்துக்குப் பிரசவ வலி எடுத்துச்சு. மார் அளவு தண்ணி. கயித்துக் கட்டில்ல படுக்க வெச்சு நாலு பேர் தூக்கிக்கிட்டு இறங்கினாங்க. எங்க அம்மா பக்கத்துல குடையைப் பிடிச்சுக்கிட்டு, கட்டிலையும் பிடிச்சுக்கிட்டு, மாதாவையும் கூப்பிட்டுக்கிட்டு நடந்தாங்க. நட்ட நடு ஆத்துல குழந்தை பொறந்துடுச்சு. பொண்ணு. அப்புறம் பிறப்பு எழுதறப்போ, எந்த ஊர் எல்லையில பொறந்ததுன்னு கேட்டு எங்க அண்ணனை ரெண்டு ஆபீசுக்கு அலைய விட்டாங்க. அவங்களும் எங்க எல்லை இல்லைன்னாங்க, இவங்களும் இல்லைன்னாங்க.

இன்னிக்கு சிரிச்சுக்கிட்டு எழுதுறேன். அன்னிக்கு கரையில நின்னு கத்திக்கிட்டிருந்தேன். அண்ணி கரை ஏறினதும் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: இன்னொரு தடவை இந்த ஆத்துல என்னை இறக்கினீங்கன்னா நான் பொழைக்க மாட்டேன்.

அந்த அண்ணி தொண்ணூத்தி ஒண்ணு மாசியில மறுபடி தலைசுத்தி உக்காந்தாங்க. அம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாங்க. பேறுகாலம் சரியா ஐப்பசி. வூட்ல யாரும் சந்தோஷமா பேசிக்கல.

அந்த வருஷம் எங்க ஸ்ரீபெரும்புதூர் பேரு உலகம் பூரா அடிபட்டது வேற ஒரு காரணத்துக்காக. அது மாசிக்கு அப்புறம் வந்த துக்கம். அதை இந்தச் சிரிப்போட சேர்த்து எழுத எனக்கு மனசு வரல. இது அதுக்கு முந்தி நடந்தது.

கேஸ்ல இல்லாத எழுத்து

விஷயம் இதுதான். பட்டணத்துல இருந்து சுற்றுலா ஜனங்களை வேன்ல கூட்டிக்கிட்டு வந்து கிராமத்துக் கலைங்களைக் காட்டலாம்னு ஒரு திட்டம். ஏகாம்பரம் போய்க் கேட்டப்போ, ஒத்த ஊருக்கெல்லாம் வேன் அனுப்ப முடியாது, ஆத்தோரத்து ஊருங்க சேர்ந்து நடத்தினா பார்க்கலாம்னு சொல்லிட்டாங்க. வரப்பு, வாய்க்கால், கோயில் மரியாதைன்னு எல்லாத்துக்கும் அடிச்சுக்கிற அஞ்சு ஊரும் வேனுக்காக ஒண்ணு கூடிச்சு. ஒரு ஊர்ல கூத்து, ஒரு ஊர்ல கோலாட்டம், ஒண்ணுல பொய்க்கால் குதிரை, ஒண்ணுல சிலம்பம். அஞ்சாவது ஊர்ல ஒண்ணுமே இல்ல. அவங்க வயல்ல விளைஞ்ச பெரிய பூசணிக்காயைக் காட்டுறோம்னாங்க. அதுவும் கலைதான்னு ஒத்துக்கிட்டாங்க.

பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார் அழகா ஒரு பேர் வெச்சாரு: 'ஆற்றூர் கலை விழா'. ஆத்தோரத்து ஊருங்களோட விழான்னு அர்த்தம். நோட்டீஸ் அடிக்க எங்க அச்சாபீசுக்கு வந்துச்சு.

நான் அங்க கம்பாசிட்டர். ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவுல, கல்யாணப் பத்திரிகைக்கும் கருமாதிப் பத்திரிகைக்கும் நடுவுல என் இளமைக் காலம் கழிஞ்சது. ஈய எழுத்துங்களைக் கேஸ்னு சொல்ற அறை அறையான மரப்பெட்டியில இருந்து ஒண்ணொண்ணா பொறுக்கிக் கோக்கணும். பெரிய சைஸ்ல 'ஆ' எடுத்தேன், 'ற்' எடுத்தேன். 'றூ'வுக்குக் கையை விட்டா, அறை காலி. யோசிச்சுப் பாருங்க, 'றூ' வர்ற வார்த்தை எத்தனை இருக்கு? அந்த எழுத்தை எங்க முதலாளி வாங்கினதே இல்ல. கல்யாணத்துக்கும் தேவைப்படல, சாவுக்கும் தேவைப்படல.

முதலாளிகிட்ட சொன்னேன். அவரு பீடியை எடுக்காமலேயே, பிரிச்சுப் போடு, 'ஆறு ஊர்'னு போட்டா இன்னா, ரெண்டும் ஒண்ணுதானேன்னாரு. இலக்கணப்படி அவரு சொன்னதுல தப்பே இல்ல. அப்படியே கோத்தேன்.

புரூஃபை ஏகாம்பரமே வந்து பார்த்தாரு. கண்ணாடி போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாரு. அவரு பேரு மத்த நாலு தலைவருங்க பேரை விடப் பெருசா இருக்கான்னு விரலால அளந்தாரு. இருந்துச்சு. சரி அடின்னுட்டாரு.

அப்ப ஆறாவது யாரு?

நோட்டீஸ் சுங்குவார்சத்திரம் டீக்கடை வரைக்கும் போச்சு. 'ஆறு ஊர் கலை விழா'. கீழ ஊர் பேருங்க, அஞ்சு. படிச்சவன் எல்லாம் விரல் விட்டு எண்ணினான். ஆறு ஊர்னு போட்டுட்டு அஞ்சு பேர்தானே கீது, ஆறாவது இன்னாப்பா ரகசியமான்னு டீக்கடையில பேச்சு. அதிகாரிகிட்ட ஒரு நோட்டீஸ் போயிருந்துச்சு. அவரும் ஆறுன்னே எடுத்துக்கிட்டாரு. மேலிடத்துக்கும் ஆறு கிராமம்னே சொல்லிட்டாரு.

எங்க ஊர்ல எங்க அண்ணன் அந்த நோட்டீசை ரெண்டு தரம் படிச்சாரு. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம், ஏசுவோட கதையை ஆடுற பாஸ்கா நாடகத்துக்கு எங்க ஊர்ல ஒத்திகை நடந்துக்கிட்டிருந்த நேரம்; அண்ணனுக்கு ஏரோது வேஷம். படிச்சுட்டு மடிச்சுப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டு, "ஆறாவது நாமதான்"ன்னாரு. நான் 'றூ' கதையைச் சொன்னேன். காதுலயே வாங்கல. வேன் நம்ம ஊருக்கு வந்தா ஆத்தைத் தாண்டித்தான் வரணும், தாண்டணும்னா பாதை வேணும், இது கூடத் தெரியாதான்னு என்னையே கேட்டாரு. அண்ணி வாசல்ல உக்காந்து எங்க ரெண்டு பேரையும் பார்த்துக்கிட்டிருந்தாங்க.

ஆறாவது ஊர் நாங்கதான்னு சொல்ல விழாக் கூட்டத்துக்கு அண்ணன் போனாரு. நானும் பின்னாலயே போனேன், நோட்டீஸ் கட்டுக் குடுக்கிற சாக்குல. ஏகாம்பரம் எடுத்த எடுப்புலயே அச்சுப் பிழைன்னாரு. தமிழ் வாத்தியாருக்கு அது பொறுக்கல. பிழை இல்லீங்க, ஆற்றூரைப் பிரிச்சா ஆறு ஊர்தான்னு இலக்கணம் பேச ஆரம்பிச்சாரு. பக்கத்துல உக்காந்திருந்த அதிகாரிக்குப் புழுக்கம். ஆறுன்னு நான் மேல சொல்லிட்டேன், இப்ப அஞ்சுன்னா என்னை என்னன்னு நினைப்பாங்கன்னு அவரு கவலை அவருக்கு.

ஏகாம்பரம் கடைசி அஸ்திரத்தை எடுத்தாரு. இது ஆத்தோரத்து ஊருங்களோட விழா, உங்க ஊர்ல ஆத்துக்கு ஒரு படித்துறை உண்டா, ஒரு பூஜை உண்டா, நீங்க எப்படிடா ஆத்து ஊர் ஆவீங்கன்னு கேட்டாரு.

எங்க அண்ணன் கையைக் கட்டிக்கிட்டுத்தான் நின்னாரு. குரலை ஒசத்தல.

"தலைவரே, என் பொண்ணு ஆத்துலயே பொறந்தவ. கரையில இல்ல, தண்ணியில. உங்க அஞ்சு ஊர்லயும் அப்படி ஒரு ஆள் கீதா?"

கூட்டத்துல யாருக்கோ சிரிப்பு பொத்துக்கிச்சு. அப்புறம் எல்லாரும் சிரிச்சாங்க. அதிகாரி பேனாவை எடுத்து நோட்டீஸ்ல ஆறாவதா எங்க ஊர் பேரை எழுதிட்டாரு, அதுவும் அந்த நல்ல பேரை. எனக்கு அழுகை வந்துடுச்சு. நோட்டீஸ் கட்டைத் தூக்கி மூஞ்சியை மறைச்சுக்கிட்டேன்.

ஏகாம்பரம் மட்டும் சிரிக்கல. வேன் வரட்டும், ஆத்தை எப்படித் தாண்டுதுன்னு பார்ப்போம்னு எழுந்து போனாரு.

தண்ணி காட்டின கதை

விழா அன்னிக்கு ஒரு பெரிய சங்கடம். ஆத்து விழான்னு பேரு, ஆத்துல சொட்டுத் தண்ணி இல்ல. பட்டணத்துல இருந்து வர்ற ஜனம் மணலைப் பார்த்துட்டு என்ன சொல்லும்? ஏகாம்பரம் ஒரு யோசனை பண்ணினாரு. கரையோரத்து வயல்ல இருந்த ஆயில் என்ஜின் எல்லாத்தையும் காலையிலயே ஓட விட்டுட்டாரு. மணல்ல பள்ளம் தோண்டி, கரை கட்டி, கிணத்துத் தண்ணியை எடுத்து ஆத்துல விட்டாங்க. ஆத்துத் தண்ணியை வயலுக்கு விடறதைக் கேள்விப்பட்டிருக்கோம். எங்க பக்கத்துல வயல் தண்ணியை ஆத்துக்கு விட்டாங்க.

சாயங்காலம் வேன் வந்தப்போ பள்ளத்துல முழங்கால் அளவு தண்ணி தளதளன்னு நின்னுச்சு. தொன்னையில விளக்கேத்தி மிதக்க விட்டாங்க. வெள்ளைக்கார அம்மா ஒருத்தங்க குனிஞ்சு தண்ணியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. டீசல் வாடைதான் கொஞ்சம் அதிகம்.

நிகழ்ச்சிங்க நல்லாவே நடந்துச்சு. பூசணிக்காயோட சேர்ந்து நின்னு எல்லாரும் போட்டோ எடுத்துக்கிட்டாங்க. கூத்துல துரியோதனன் வந்து ஒரு ஆட்டம் ஆடினான் பாருங்க, டிரைவர் கூட வேனை விட்டு இறங்கி வந்து பார்த்தாரு.

இங்க ஒரு சின்ன விஷயம் சொல்லணும். ஏரோதுக்குக் கிரீடம் செய்ய எங்க ஊர்ல வசதி இல்ல. வருஷா வருஷம் துரியோதனன் கிரீடத்தைத்தான் இரவல் வாங்குவோம். தலைவருங்களுக்குள்ள ஆயிரம் இருக்கலாம், வேஷம் கட்டுறவங்களுக்குள்ள ஒரு சண்டையும் கிடையாது. அன்னிக்கும் துரியோதனன் ஆடி முடிச்சதும் கிரீடத்தைக் கழட்டித் துண்டுல சுத்தி, ஆளை விட்டு ஓட்டமா எங்க கரைக்கு அனுப்பிட்டாரு. ஒரே சாயங்காலத்துல கிரீடம் அஸ்தினாபுரத்துல இருந்து எருசலேம் போய்ச் சேர்ந்துச்சு.

அஞ்சு ஊர் முடிஞ்சது. அடுத்தது ஆறாவதுதானேன்னு அதிகாரி கேட்டாரு. ஏகாம்பரம், மணல்ல வண்டி போகாதுங்க, இதோட முடிச்சுக்கலாமேன்னு இழுத்தாரு. டிரைவர் இறங்கிப் பார்த்தாரு. எங்க ஊர் இளவட்டப் பசங்க பனை ஓலையும் வைக்கோலும் பரப்பி வெச்சிருந்தாங்க. மேல நல்லா காஞ்சு கெட்டியா தெரிஞ்சது. தாராளமா போகலாம்னு வண்டியை இறக்கிட்டாரு.

போயிருக்கும். சத்தியமா போயிருக்கும். ஆனா காலையில இருந்து ஓடின என்ஜின் தண்ணி எல்லாம் மணலுக்கு அடியில இறங்கி, கீழப் பக்கமா கசிஞ்சு, சரியா அந்த வண்டல்ல போய்த் தேங்கியிருந்துச்சு. நட்ட நடு ஆத்துல 'புளக்'னு ஒரு சத்தம். வேன் உக்காந்துடுச்சு.

அப்பத்தான் ஏரோது ஓடி வந்தது. அதைத்தான் முதல்லயே சொல்லிட்டேனே.

ராஜாவும் ராஜா மாதிரியும்

அதிகாரியை இறக்கி விட்டுட்டு அண்ணன் திரும்பி வந்து வேனைத் தள்ளினாரு. யூதர், ரோமாபுரிச் சிப்பாய், சீடருங்க எல்லாரும் வந்து தள்ளினாங்க. வேன் இன்னும் ஆழமாத்தான் போச்சு. வெள்ளைக்கார அம்மா இது நாடகத்துல ஒரு காட்சின்னு நினைச்சுக்கிட்டுக் கையைத் தட்டினாங்க. சரி, முழுசா இருட்டறதுக்குள்ள இங்கயே ஆடிடுவோம்னு அண்ணன் சொல்லிட்டாரு. வேன் முன்விளக்கைப் போட்டாங்க. ஏரோது அந்த வெளிச்சத்துல நின்னு, பச்சைப் பிள்ளைங்களை எல்லாம் வெட்டுங்கடான்னு கர்ஜிச்சாரு. கர்ஜிச்சுட்டு, இடது பக்கம் முட்டுக் குடுங்கடான்னு அதே குரல்ல கத்தினாரு.

கரையில ஏகாம்பரத்துக்கு நிலை கொள்ளல. விருந்தாளிங்களைக் கூட்டிக்கிட்டு வந்தவரு அவரு. சர்க்கார் வண்டி. நாளைக்கு அஞ்சு ஊரும் கை கொட்டிச் சிரிக்குமே. என்ஜின் ஓட்டச் சொன்னதும் அவருதான்னு எல்லாருக்கும் தெரியும். வேட்டியை மடிச்சுக் கட்டினாரு. சூளையில இருந்து உடைஞ்ச கல்லு ஒரு லோடு கொண்டாங்கடான்னு ஆள் அனுப்பினாரு.

டிராக்டர் வந்து கரையில இருந்து வேன் வரைக்கும் செங்கல்லைக் கொட்டிச்சு. சங்கிலி போட்டு இழுத்தாங்க. வண்டி கல்லு மேல ஏறிடுச்சு. ஆனா டிரைவர், இந்தக் கல்லு மேல ரிவர்ஸ்ல போக மாட்டேன், ஒரு சக்கரம் நழுவினா மறுபடி முதல்ல இருந்துன்னாரு. திருப்ப இடம் எங்க இருக்குன்னு கேட்டாரு. எங்க மாதா கோயில் முன்னால இருந்துச்சு.

அதாவது அந்தாண்ட கரை வரைக்கும் கொட்டியாகணும்.

ஏகாம்பரம் எங்க ஊரைப் பார்த்தாரு. வேனைப் பார்த்தாரு. வாயில என்னமோ முணுமுணுத்தாரு, நல்ல வார்த்தையா இருக்காது. அப்புறம் ரெண்டாவது டிராக்டரையும் வரச் சொன்னாரு. எத்தனை வருஷமா கேட்டும் கிடைக்காத பாதை, ஏரோது வசனம் பேசி முடிக்கிறதுக்குள்ள கண்ணு முன்னால நீண்டுக்கிட்டே போச்சு. எங்க ஜனங்க நாடகத்தைப் பார்க்கவே இல்ல. எல்லார் கண்ணும் கல்லு மேலதான். வேன் கோயில் முன்னால திரும்பினப்போ அம்மா சிலுவை போட்டுக்கிட்டாங்க.

மறுநாள்

விடிஞ்சும் விடியாததுமா டிராக்டர் சத்தம். ஏகாம்பரம் ஆளுங்களோட வந்துட்டாரு, கல்லை வாரிக்கிட்டுப் போக. அது என் கல்லு, அவசரத்துக்குக் கொட்டினதுன்னாரு. நியாயம்தானே? கல்லு அவரோடதுதான். நானும் அச்சாபீசுக்குக் கிளம்பி அந்தப் பாதையில ஏறியிருந்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு செங்கல்லைத் தூக்கி டிராக்டர் மேலயே போட்டிருப்பேன். அண்ணன் முன்னால போய் நின்னு கெஞ்சினாரு. நேத்து ராஜா, இன்னிக்கு வெறும் பனியன். ஏகாம்பரம் காது குடுக்கல. ஆளுங்க கரையோரத்துல இருந்து வார ஆரம்பிச்சுட்டாங்க.

சத்தம் கேட்டு அண்ணி எங்க ஊர்க் கரையில இருந்து நடந்து வந்தாங்க. சண்டை போடத்தான் வந்தாங்க, மூஞ்சியைப் பார்த்தாலே தெரிஞ்சது. நடுப் பாதை வரைக்கும் வந்தவங்களுக்கு டிராக்டரோட டீசல் புகை மூஞ்சியில அடிச்சது. அவ்வளவுதான். குந்தி உக்காந்து ஓங்கரிச்சு வாந்தி எடுத்துட்டாங்க, சரியா ஏகாம்பரம் கால் கிட்ட. நான் ஓடிப் போய்த் தலையைப் பிடிச்சுக்கிட்டேன்.

ஏகாம்பரம் பின்னால ஒதுங்கினாரு. இன்னாம்மா, உடம்புக்கு இன்னான்னு கேட்டாரு.

அண்ணி வாயைத் தொடைச்சுக்கிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாங்க.

"ஐப்பசிங்க"ன்னாங்க.

அவ்வளவுதான் சொன்னாங்க. அந்த ஆத்தோரத்து மனுஷனுக்கு அதுக்கு மேல விளக்கம் எதுக்கு? அவருக்கும் ரெண்டு பொண்ணுங்க இருந்தாங்க. ஆத்தோட மேல் பக்கத்தைப் பார்த்தாரு, கீழ் பக்கத்தைப் பார்த்தாரு. வாரிக்கிட்டிருந்தவங்க நிமிர்ந்து நின்னாங்க.

திடீர்னு அவருக்குக் கோபம் வந்துடுச்சு. காலால ஒரு கல்லை எத்தினாரு.

"எந்த மடையன்டா இதை இப்படிக் கொட்டினது? அடியில தண்ணி போக ஒரு குழாய் வெக்கல, ரெண்டு பக்கமும் அணைப்பு இல்ல. ஐப்பசித் தண்ணிக்கு இது நிக்குமா?"

கொட்டச் சொன்னவரு அவருதான். ஆளுங்க ஒருத்தனை ஒருத்தன் பார்த்துக்கிட்டானுங்க. வாரின கல்லைத் திருப்பிக் கொட்டிட்டு, குழாய் ஏத்திக்கிட்டு வர டிராக்டர் கிளம்பிடுச்சு.